பிக்கப் வண்டிக்குத் தார்ப்பாய்: எப்போது போடுவது, எப்போது விடுவது, எப்படிக் கட்டுவது – சேலம், ஏற்காடு ஓட்டத்துக்கான முழு வழிகாட்டி

குட்டியானை (டாடா ஏஸ்), தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற திறந்த பாடி வண்டிகளில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சரக்கு ஓட்டுபவர்களுக்காக எழுதியது இது. புதிதாக வண்டி எடுத்தவர்கள் படும் பாட்டில் பாதி ஒரே குழப்பத்தில் தொடங்குகிறது. சரக்கைப் பிடித்து நிறுத்துவது கயிற்றின் வேலை, மழையைத் தடுப்பது தார்ப்பாயின் வேலை. இரண்டையும் தார்ப்பாய் தலையிலேயே கட்டினால் மலைப்பாதையின் எட்டாவது வளைவுக்குள் ஏதாவது ஒன்று கிழியும் அல்லது சரியும்.

1. லோடு ஏற்றும் முன்பே முடிவெடுங்கள்

ஏற்றி முடித்த பிறகு வானத்தைப் பார்த்துத் தார்ப்பாய் தேடுவதுதான் முதல் தவறு. மூடப்போகிறோமா இல்லையா என்பதைப் பொறுத்து அடுக்கும் விதமே மாறும். மூடுவதென்றால் மேல்பக்கம் முகடு வைத்து அடுக்க வேண்டும், கூர்மையான முனைகளை உள்ளே தள்ள வேண்டும், அடியில் பலகை போட வேண்டும்.

கட்டாயம் மூட வேண்டியவை: காப்பிக் கொட்டை, மிளகு, அரிசி, ஜவ்வரிசி, சிமெண்ட், உரம், துணி, அட்டைப்பெட்டி எதுவானாலும். மணல், ஜல்லித்தூள், வெள்ளைக்கல் பொடி போன்றவற்றுக்கு மழை இல்லாவிட்டாலும் மூடி வேண்டும். அது சரக்குக்காக அல்ல, பின்னால் பைக்கில் வருபவரின் கண்ணுக்காக.

திறந்தே கொண்டுபோகலாம்: ஹாலோ பிளாக், செங்கல், பைப், சில்வர் ஓக் கட்டை, பிளாஸ்டிக் தொட்டி. இவற்றுக்கு நல்ல கயிறு போதும்.

மூடினால் கெடுபவை தனி வகை. பறித்த ஈரக் காப்பிப் பழத்தை மூட்டையில் அடைத்து, மேலே தார்ப்பாயை இறுக்கி, வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். மாம்பழமும் கீரையும் அப்படித்தான். மே மாதத்தில் மாங்கூடைகளைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடுவது பழுக்க வைக்கும் வழியல்ல, அவிக்கும் வழி. இவற்றுக்குப் பச்சை நிழல்வலை போட்டு, தார்ப்பாயை மடித்து முன்பக்கம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் மட்டும் இழுத்து விடலாம். மரவள்ளிக்கிழங்குக்கும் காற்றுதான் தேவை. ஒரு மழை நனைவதைவிட, புழுக்கத்தில் ஒரு நாள் மூடிக் கிடப்பதுதான் அதற்குக் கேடு.

இன்னொன்று, ஏற்காட்டுப் பனிமூட்டம். “மழை இல்லையே, பனிதானே” என்று நவம்பர், டிசம்பர் விடிகாலையில் சாக்கு மூட்டையை மூடாமலே மலையிலிருந்து இறக்குவார்கள். சணல் சாக்கு பனியைக் குடிக்கும். 11 சதவீத ஈரம் வரை காயவைத்த கொட்டையை ஒரு மணி நேரப் பனி கெடுக்காதுதான். ஆனால் மேலடுக்குச் சாக்கு ஈரமாக இருந்தால் வாங்குபவர் முழு லோடையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

2. தார்ப்பாய் அளவும் தரமும்

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள்: பாடியின் நீளம், அகலம், தளத்திலிருந்து வழக்கமாக நீங்கள் ஏற்றும் உயரம். அகலத்தோடு உயரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் தார்ப்பாயின் அகலம். நீளத்துக்கும் அதே கணக்கு. மடிப்புக்கு ஒன்று அல்லது ஒன்றரை அடி கூடுதல்.

குட்டியானையின் பாடி ஏறத்தாழ 7 அடிக்கு 5 அடி. 3 அடி உயரம் ஏற்றினால் 11 அடிக்கு 13 அடி வருகிறது. மடிப்பையும் சேர்த்தால் 12க்கு 15 சரியாக இருக்கும். 9 அடிப் பாடி வண்டியில் 4 அடி உயரம் ஏற்றுபவர் 15க்கு 18 வாங்க வேண்டும். “பெரிசா இருந்தா நல்லதுதானே” என்று 18க்கு 24 வாங்குபவர்கள், தொங்கும் மிச்சத்தை எங்கே செருகுவது என்று தெரியாமல் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுகிறார்கள்.

தரத்தை ஜிஎஸ்எம் என்ற எண்ணில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அது. அடிக்கடி ஓடும் வண்டிக்கு 200க்குக் கீழே போகாதீர்கள், 250 நல்லது. கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, தராசில் வைக்கச் சொல்லுங்கள். 12க்கு 15 அடி என்பது சுமார் 16.7 சதுர மீட்டர். 250 ஜிஎஸ்எம் என்றால் 4 கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும், 200 என்றால் 3.3 கிலோ. இரண்டரை கிலோ காட்டினால் அது 150 சரக்கு.

கயிறு கோக்கும் ஓரத்துக் கண்கள் மூன்றடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கயிறு இல்லாத தார்ப்பாயில் கண் முதல் மாதமே பிய்த்துக்கொண்டு வரும்.

3. கம்பிக் கூண்டு வேண்டுமா?

வாரத்துக்கு நான்கு நாளாவது மூடி ஓட்டுபவருக்கு, தார்ப்பாயைத் தாங்கப் பாடியின் மேல் நிறுத்தும் கூண்டு லாபம். ஒரு நாள் செங்கல், மறுநாள் பைப் என்று மாறி மாறி ஏற்றுபவருக்கு அது தொல்லை. மேலிருந்து இறக்கவும் முடியாது, ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டவும் சலிப்பு.

25 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 1.1 கிலோ சொச்சம் வரும். குட்டியானை அளவுக்கு நான்கு வளைவுக் கம்பியும் மூன்று நீளக் கம்பியும் போட்டால் மொத்தம் 25 கிலோ. எடை பெரிதல்ல, உயரம்தான் பார்க்க வேண்டியது. கூண்டின் உச்சி கேபின் கூரைக்கு மேல் ஓர் அடிக்கு மிஞ்சினால் முகப்பு காற்றை வாங்கும். டீசலும் கூடும், மலையில் குறுக்குக் காற்றுக்கு வண்டி ஆடும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை இரண்டு. வளைவின் மேல்பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் முகடு வேண்டும். வளைவுகளுக்கு இடையே இரண்டரை அடிக்கு மேல் இடைவெளி கூடாது. தட்டையான கூரையில் தண்ணீர் குழி கட்டும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நின்றாலே 50 கிலோ. அந்த 50 கிலோ வண்டியின் உச்சந்தலையில், சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துக்குப் பக்கம் ஓடும்.

கூண்டைப் பாடியோடு வெல்டிங் செய்துவிடாதீர்கள். பக்கப் பலகையில் குழல் வைத்துச் செருகி, போல்ட் போட்டு நிறுத்தினால் கழற்றலாம். நிரந்தரமாக மூடிய பாடி கட்டுவது வேறு கதை. வண்டியின் உருவத்தையே மாற்றும் வேலை என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிலும் ஏற்ற வேண்டும்.

4. ஏற்றும் முன் பாடியைத் தயார் செய்தல்

தளத்தைப் பெருக்குங்கள். நேற்று ஏற்றிய உரமோ மண்ணெண்ணெயோ சிந்திய இடத்தில் இன்று காப்பிக் கொட்டை ஏற்றினால் வாடை ஏறிவிடும். காப்பி எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் சரக்கு. வாடை போகவில்லை என்றால் அந்த நடையை விட்டுவிடுவதே நல்லது.

அடியில் பலகை போடுங்கள், ஒரு அங்குல உயரம் போதும். மேலே எவ்வளவு மூடினாலும் பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் கதவிடுக்கு வழியே கீழிருந்து வரும். பலரும் “தார்ப்பாய் ஒழுகுது” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். அடிமூட்டைதான் நனைந்திருக்கும். அது தார்ப்பாயின் குற்றமே இல்லை.

பிறகு கொக்கிகள். ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். வெல்டிங் விட்ட கொக்கி நின்ற இடத்தில் தாங்கும், பள்ளத்தில் குதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். பின்கதவின் தாழ்ப்பாள்களுக்குப் பாதுகாப்புச் சங்கிலியோ கொண்டியோ வேண்டும். மலை ஏறும்போது மூட்டைகளின் சாய்வு முழுவதும் அந்தக் கதவின் மேல்தான்.

5. அடுக்கும் வரிசை

எடையிலிருந்து தொடங்குங்கள். பதிவுச் சான்றில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கணக்கு. ஓட்டுபவர், உதவியாள், பலகை, கூண்டு, தார்ப்பாய் எல்லாம் அதற்குள் அடக்கம். 750 கிலோ தாங்கும் வண்டியில் 50 கிலோ மூட்டை 15 என்பது காகிதக் கணக்கு. ஆள் இருவரும் பலகையும் சேர்ந்தால் 11 அல்லது 12தான். ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ என்பதை மறந்து, எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுபவர்களும் உண்டு. அதிக எடைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அபராதத்தைவிட இறக்கத்தில் பிரேக் சூடாவதுதான் பெரிய செலவு.

முதல் மூட்டை கேபின் பக்கச் சுவரை ஒட்டி. இடைவெளி விட்டால் இறக்கத்தில் பிரேக் போடும்போது மொத்த லோடும் அந்த இடைவெளியைத் தேடி ஓடி மோதும். கனம் பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். பின்கதவுப் பக்கம் கனம் சேர்ந்தால் முன்சக்கரம் இலேசாகி, ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது.

மூட்டைகளைக் கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ் வரிசையின் இணைப்பின் மேல் மேல்வரிசை மூட்டையின் நடு வரும்படி வையுங்கள். நேருக்கு நேராக அடுக்கிய தூண்கள் தனித்தனியாகச் சரியும். கடைசி அடுக்கில் நடுவரிசை மட்டும் ஒன்று உயர்ந்து, வண்டியின் நீளவாக்கில் முகடு மாதிரி வரட்டும். கூண்டு இல்லாத வண்டியில் தண்ணீரை வடிய வைப்பது இந்த முகடுதான்.

நீளமான கட்டை, பைப் என்றால் பின்னால் நீட்டி, சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரி என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. சரி இல்லை. பாடிக்கு வெளியே முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ நீட்டினால் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய். அதோடு கொண்டை ஊசியில் வண்டி திரும்பும்போது நீட்டிய முனை எதிர்ச்சாரியில் வருபவரின் முகத்துக்கு நேராகப் போகும். 7 அடிப் பாடிக்கு 10 அடிக் கட்டை ஏற்ற வழியில்லை. பெரிய வண்டி பிடியுங்கள்.

6. முதல் கயிறு சரக்குக்கு

தார்ப்பாயைத் தொடாதீர்கள், முதலில் சரக்கைக் கட்டுங்கள். 10 அல்லது 12 மில்லிமீட்டர் கயிறு. நைலான் நல்ல பலம், ஆனால் நனைந்தால் நீளும். அதனால் மழையில் ஓடும்போது கூடுதலாக ஒருமுறை இறுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கயிறு தண்ணீர் குடிக்காது, ஆனால் வெயிலில் நைந்துபோகும். விரலால் தேய்த்தால் தூள் உதிர்கிறது என்றால் அதன் காலம் முடிந்தது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுவது நம் ஊரில் பழக்கம். தார்ப்பாய் ஓரத்துக்கு அது அருமையானது, காற்றுக்கு நீண்டு கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றும். சரக்கைக் கட்ட மட்டும் வேண்டாம், அதே நீட்சி அங்கே எதிரி.

குட்டியானைக்குக் குறுக்காக மூன்று கட்டு போதும், பெரிய பாடிக்கு நான்கு. முதல் கட்டு முன்வரிசைக்கு, கடைசிக் கட்டு பின்வரிசை மூட்டையின் நடுவுக்கு. பின்வரிசைக்கு மட்டும் மேலே பெருக்கல் குறிபோல் ஒரு கட்டு கூடுதலாகப் போடுங்கள்.

இறுக்கும் முறை இது. கயிற்றின் ஒரு முனையை இடப்பக்கக் கொக்கியில் முடிந்து, மறுமுனையை லோடின் மேல் வலப்பக்கம் எறியுங்கள். வலப்பக்கக் கொக்கிக்கு இரண்டடி மேலே கயிற்றைத் திருகி ஒரு கண்ணி போடுங்கள். மிச்சக் கயிற்றைக் கொக்கிக்கு அடியில் கொடுத்து, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, உடல் பாரத்தைப் போட்டுக் கீழே இழுங்கள். கண்ணி கப்பி மாதிரி வேலை செய்வதால் வெறும் கையால் இழுப்பதைவிட நன்றாக இறுகும். இழுத்த நிலையிலேயே கண்ணியருகே இரு விரலால் அழுத்திப் பிடித்து இரண்டு அரைமுடிச்சு போட்டு நிறுத்துங்கள். கயிற்றைத் தட்டினால் ‘டங்’ என்று வர வேண்டும். அவிழ்க்கும்போது அரைமுடிச்சுகளைக் கழற்றினால் கண்ணி தானே கழன்றுவிடும். கத்தி தேவைப்பட்டால் முடிச்சு தவறு.

ராட்செட் பெல்ட் இன்னும் எளிது. ஆனால் அட்டைப்பெட்டியையும் மாங்கூடையையும் நசுக்கிவிடும், மூலையில் ஒரு பலகைத் துண்டு வைத்து இறுக்குங்கள்.

7. இரண்டாவது கயிறு தார்ப்பாய்க்கு

கூர்மையான மூலை எங்கே இருந்தாலும் பழைய சாக்கை மடித்து வையுங்கள். தார்ப்பாய் கிழிவது இழுத்ததால் அல்ல, ஒரே இடத்தில் ஆயிரம் முறை உரசியதால்.

மடிப்பு வரிசையில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முன்பக்கத்தை முதலில் கேபின் சுவருக்கும் லோடுக்கும் இடையே கீழே இறக்கிக் கட்டுங்கள். முன்மூலையில் மிச்சப்படும் காதைப் பின்பக்கமாக மடித்துப் பக்கத்தோடு சேருங்கள், மடிப்பின் வாய் பின்னால் பார்க்க வேண்டும். வாய் முன்னால் பார்த்தால் ஓடும்போது காற்று புகுந்து, தார்ப்பாய் பாய்மரம் ஆகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 17 கிலோ அளவுக்குக் காற்று அழுத்தும், 80இல் அது 30. சேலத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் தார்ப்பாய் கிழிந்தது என்றால் முன்மூலையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து இரு பக்கங்கள், கடைசியில் பின்பக்கம் திரைபோல மேலிருந்து விழட்டும். பின்னதைக் கடைசியாகக் கட்டினால்தான் சேலம் லீ பஜார் மொத்தச் சந்தையின் நெரிசலில் மற்றவற்றைத் தொடாமல் பின்னாலிருந்தே இறக்கலாம்.

இரண்டு தார்ப்பாய் போடுவதென்றால் ஓடு வேயும் முறைதான், திசை மட்டும் வேறு. பின்பக்கத்துத் தார்ப்பாயை முதலில் விரித்து, முன்பக்கத்தது அதன் மேல் இரண்டடி ஏறி நிற்கட்டும். மாற்றிப் போட்டால் இணைப்பின் வழியே மழையும் காற்றும் நேராக உள்ளே.

ஓரக் கண்களில் டியூப் அல்லது மெல்லிய கயிறு கோத்துக் கொக்கிகளில் மாட்டுங்கள். பிறகு முழுத் தார்ப்பாயின் மேல் நீளவாக்கில் ஒன்றும் குறுக்காக இரண்டும் கயிறு போட்டால் படபடப்பு அடங்கும். படபடக்கும் தார்ப்பாய் ஒரே மழைக்காலத்தில் நார்நாராகும்.

வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் தெரிகிறதா? பக்கக் கண்ணாடியை உப்பல் மறைக்கிறதா? சைலன்சர் அருகே ஓரம் தொங்குகிறதா?

8. மலைப்பாதையில்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழி இன்னொன்று. மழைக்காலத்தில் மண்சரிவு, சீசனில் போக்குவரத்து மாற்றம் இரண்டும் உண்டு என்பதால் லோடு ஏற்றும் முன்பே எந்த வழி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில்: அடிவாரத்தில் நிறுத்திக் கயிறுகளைத் தட்டிப் பாருங்கள். சேலம் ஊருக்குள் குலுங்கி வந்ததிலேயே மூட்டைகள் படிந்து, கட்டிய கயிறு தளர்ந்திருக்கும். முதல் ஐந்து கிலோமீட்டரில்தான் பெரும்பாலான தளர்ச்சி வரும்.

வளைவில் வேகம்தான் எல்லாம். வெளியே தள்ளும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 15 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவை 25இல் திரும்பினால் விசை ஒன்றரை மடங்கு அல்ல, கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கூண்டும் முகடும் வைத்த உயரமான லோடுக்கு இது இன்னும் மோசம். திறந்த பாடியில் தாழ்வாக ஏற்றிய செங்கல் பொறுத்துக்கொள்ளும் வேகத்தை, மூடி உயர்த்திய பஞ்சு மூட்டை பொறுக்காது.

இறக்கத்தில்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர் பிரேக் லைனிங்கில் அதைவிட அதிகம் கொடுக்கிறார், உயிர்ப் பயம் தனி. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவரின் கடமை. லோடோடு ஏறுபவர் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம்.

ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல், சேலம் 300க்கும் கீழ். இறங்கி வரும்போது ஏழெட்டு டிகிரி சூடு கூடும். கீழே சூட்டில் மூட்டையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால், தார்ப்பாயின் உட்பக்கம் வியர்க்கும். ஆகவே மழை இல்லாத நாளில் அடிவாரம் வந்ததும் பின்திரையை அரையடி தூக்கிக் கட்டுங்கள். தார்ப்பாய் முழுக்க இறுகி மூட்டையை ஒட்டிக் கிடந்தால் இந்த வியர்வை சாக்கில் இறங்கும்.

9. மூடி இல்லாமல், அல்லது காலியாக ஓடும்போது

காலி வண்டி ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். பாடியில் கிடக்கும் பலகை, வெறும் சாக்கு, சுருட்டாத கயிறு மூன்றும் நெடுஞ்சாலையில் பறக்கும். கயிற்றின் முனை வெளியே தொங்கினால் சக்கரத்தில் சுற்றும், அல்லது பின்னால் வரும் பைக்கில் சிக்கும். எல்லாவற்றையும் ஒரு சாக்குக்குள் போட்டுக் கேபின் பக்கக் கொக்கியில் கட்டுங்கள்.

கூண்டு மேல் தார்ப்பாய் போட்டபடி காலியாக ஓட்டாதீர்கள். உள்ளே எடை இல்லாமல் மேலே காற்றைப் பிடிக்கும் பெட்டி அது. பின்பாகம் துள்ளும், ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கும். தார்ப்பாயை உருட்டி முன்வளைவோடு கட்டிவிடுங்கள்.

திறந்து ஓட்டும் நாளிலும் தார்ப்பாய் வண்டியிலேயே இருக்கட்டும். சேலத்தில் காலை பத்து மணி வெயிலை வைத்து மாலை நான்கு மணி மழையைச் சொல்ல முடியாது. மே மாதத்திலும் ஐப்பசியிலும் இது எல்லாரும் அறிந்த கூத்து.

10. இறக்கிய பிறகு

ஈரத் தார்ப்பாயை மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை. அடுத்து ஏற்றும் மிளகிலும் அதே வாடை. கொடியில் போட வசதியில்லை என்றால் பாடியின் மேலேயே தலைகீழாக விரித்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். அதற்கு மேல் வெயிலில் கிடக்க வேண்டாம், வெயில் அதைத் தின்னும்.

சிறு ஓட்டையை அன்றைக்கே ஒட்டுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு அதே துணியில் வெட்டிய ஒட்டு, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக, இருபுறமும். மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. கண் பிய்ந்திருந்தால் ஒரு கூழாங்கல்லை அந்த ஓரத்தில் வைத்துத் துணியோடு சுற்றிக் கயிற்றால் கழுத்தைக் கட்டிவிடலாம், சீசன் முடியும் வரை தாங்கும்.

ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடிக்காமல் மாற்றி மாற்றி மடியுங்கள், அல்லது உருட்டுங்கள். குடோனில் வைப்பதாக இருந்தால் தரையில் போடாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். ஜவ்வரிசியோ அரிசியோ ஏற்றிய தார்ப்பாயின் மடிப்பில் நாலு தானிய மணி சிக்கியிருந்தாலும் எலி அதைத் தேடி வந்து, மணியோடு சேர்த்து நான்கு மடிப்பையும் ஒரே கடியில் ஓட்டை போட்டுவிடும்.